பித்தளைத் தகடு பாதி உண்மைதான் சொல்லும்

பழைய இரும்புப் பெட்டகத்தைப் பார்க்க அழைப்பவர்கள் நான் குனிவதற்கு முன்பே அதன் வயதைச் சொல்லிவிடுவார்கள். "இருநூறு வருடப் பழசு." ஏனோ இந்த இருநூறு எல்லோருக்கும் பிடித்துப்போன எண். நூற்றெழுபது என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அடுத்ததாகக் கதவில் பளபளக்கும் பித்தளைத் தகட்டைக் காட்டுவார்கள். நான் வருகிறேன் என்பதற்காக முந்தைய நாள்தான் அதைப் பாலிஷ் போட்டுத் தேய்த்திருப்பார்கள். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும். எனக்கு வயிறு எரியும்.

பூட்டுகளையும் பெட்டகங்களையும் திறப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். இத்தனை ஆண்டுகளில் கண்டது இதுதான்: ஒரு பழைய பெட்டகத்தின் வரலாறு திருடனாலும் துருவாலும் அழிவதைவிட, அது கைக்கு வந்த முதல் வாரத்தில் உரிமையாளரின் ஆர்வத்தால்தான் அதிகம் அழிகிறது. ஆகவே துடைக்காதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள், துளை போட ஆளைக் கூப்பிடாதீர்கள். முதலில் படியுங்கள்.

தகட்டிலிருந்தே தொடங்கலாம், ஆனால் சந்தேகத்தோடு. சில நேரம் அதில் இருப்பது செய்தவர் பெயர் அல்ல, விற்றவர் பெயர். செய்தவர் பெயராகவே இருந்தாலும் அவர் அப்போது உயிரோடு இருந்தார் என்று பொருளில்லை. லண்டன் பூட்டுக்காரர் ஜோசப் பிராமா 1784-இல் தன் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார், 1814-இல் இறந்தார். 'ஜே. பிராமா, 124 பிக்காடிலி' என்ற முத்திரையோ அதற்குப் பின்னும் நெடுங்காலம் பூட்டுகளில் விழுந்துகொண்டே இருந்தது. அந்தப் பெயரைப் பார்த்தவுடன் பதினெட்டாம் நூற்றாண்டு என்று துள்ளிக் குதித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெயரைவிடப் பெயரைச் சுற்றியுள்ள சின்ன எழுத்துகள் நேர்மையானவை. பிரிட்டிஷ் பெட்டகத்தில் 'மாட்சிமை தங்கிய அரசியாருக்குச் செய்து கொடுப்பவர்' என்று இருந்தால் பெரும்பாலும் விக்டோரியா காலம், அதாவது 1837 முதல் 1901 வரை. லண்டன் முகவரியில் 'ஈ.சி.' என்ற அஞ்சல் வட்ட எழுத்து இருந்தால் 1850களின் பின்பகுதிக்கு முந்தையதாக இருக்க முடியாது. 'ஈ.சி. 4' என்று எண்ணும் சேர்ந்திருந்தால் 1917-க்கு முந்தையதல்ல, ஏனென்றால் அந்த எண்கள் அந்த ஆண்டில்தான் வந்தன. வைர வடிவச் சின்னம் இருந்தால் அந்த வடிவமைப்பு 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவானது. 1884 முதல் அந்தச் சின்னம் போய் வெறும் பதிவு எண் வந்துவிட்டது. அமெரிக்கப் பெட்டகங்களில் காப்புரிமைத் தேதிகள் வரிசையாகப் பொறித்திருக்கும். அவற்றுள் கடைசித் தேதியை மட்டும் பாருங்கள். அதற்கு முன் இது செய்யப்படவில்லை என்பதைத்தான் அந்தத் தேதி சொல்கிறது. அதே ஆண்டில் செய்யப்பட்டது என்று அது சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை விளக்கியே என் தொண்டை பாதி வற்றிவிட்டது.

இனி சாவி. தகட்டை மாற்ற இரண்டு திருகு போதும். சாவியும் பூட்டும் அப்படி மாறுவது அரிது. ஒரு டார்ச்சின் கீழ் சாவியின் பல்லைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பல்லின் உடலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பிளவுகள் வெட்டியிருந்தால், அது பூட்டுக்குள் அசையாமல் நிற்கும் தடுப்புகளைத் தாண்டிச் செல்லும் பழைய முறை. பார்ப்பதற்கு மிரட்டும் வேலைப்பாடு, பாதுகாப்போ குறைவு. பல்லின் விளிம்பு படிக்கட்டுபோல ஏறி இறங்கினால் அது லீவர் பூட்டு. ஒவ்வொரு படியும் உள்ளே உள்ள ஒரு லீவரை, அதாவது ஏறி இறங்கும் சிறு தகட்டை, சரியான உயரத்துக்குத் தூக்குகிறது. கூடினாலும் குறைந்தாலும் திறக்காது. இந்த எண்ணத்துக்கு 1778-இல் ராபர்ட் பாரன் வழி காட்டினார். சாவி ஒரு குழாயாக இருந்து அதன் நுனியில் நீளவாக்கில் வெட்டுகள் இருந்தால் பிராமாவின் முறை. சின்னத் தட்டைச் சாவி என்றால் லைனஸ் யேல் 1860களில் காப்புரிமை பெற்ற, உள்ளே சிறு ஊசிகள் வரிசையாக நிற்கும் ஊசிப் பூட்டின் வம்சமாக இருக்கலாம்.

லீவர் பூட்டுகளில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஜெரமையா சப் 1818-இல் காப்புரிமை பெற்ற 'டிடெக்டர்' பூட்டு. கள்ளச்சாவியோ கம்பியோ ஒரு லீவரை அளவுக்கு மீறித் தூக்கினால் அது அப்படியே மேலே சிக்கிக்கொள்ளும். அதன் பிறகு சரியான சாவியும் திறக்காது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று உரிமையாளருக்குத் தெரிந்துவிடும். ஒரு பெண்மணி தன் தாத்தாவின் பெட்டகத்தைத் துளையிட்டுத் திறக்க என்னை அழைத்திருந்தார். இருந்த சாவி 'தவறான சாவி' என்று ஏற்கெனவே ஒருவர் தீர்ப்புச் சொல்லிப் போயிருந்தார். சாவியின் படிகளில் தேய்மானம் சீராக இருந்தது. பல ஆண்டுகள் இதே பூட்டில் ஓடிய சாவி என்று தெரிந்தது. திறக்கும் திசைக்கு எதிராக, பூட்டும் திசையில் மெல்லத் திருப்பினேன். உள்ளே ஒரு சிறு 'டக்', சிக்கியிருந்த லீவர் விடுபட்டது. பிறகு திறக்கும் திசையில் திருப்பியதும் கதவு வந்துவிட்டது. துளைக்கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் என்னைவிட அந்தப் பூட்டை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை பெருமை இருந்தும், 1851 லண்டன் பெருங்கண்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் இந்தப் பூட்டை அரைமணி நேரத்துக்குள் திறந்தார். அதன் எச்சரிக்கை அமைப்பையே தனக்கு வழிகாட்டியாக்கிக்கொண்டார். பிறகு பல நாள் உழைத்து பிராமாவின் சவால் பூட்டையும் திறந்து, அதற்கு அறிவித்திருந்த 200 கினி (பழைய பிரிட்டிஷ் பணம்) பரிசையும் வாங்கினார். அந்த அதிர்ச்சிக்குப் பின் லண்டனில் ஹாப்ஸ் பெயரிலேயே பூட்டு நிறுவனம் எழுந்தது. தகட்டில் 'ஹாப்ஸ்' என்று பார்த்தால் 1851-க்குப் பிந்தையது என்று தயங்காமல் எழுதிக்கொள்ளலாம்.

பெட்டகத்தின் உடலும் பேசும். தீயிலிருந்து காக்க இரண்டு தகடுகளுக்கு நடுவே பொருள் நிரப்புவார்கள். படிகாரம் அதில் பேர்பெற்றது. அதன் எடையில் கிட்டத்தட்டப் பாதி படிகத்துக்குள் அடைபட்ட நீர். வெப்பம் ஏறினால் அந்த நீர் ஆவியாகி உள்ளே இருப்பதைக் காக்கும். அதே ஈரம்தான் காலப்போக்கில் தகட்டை உள்ளிருந்து அரிக்கிறது. மூட்டுகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உப்புக்காற்றைக் குறை சொல்லாதீர்கள், அது நிரப்பியது வெளியே எட்டிப் பார்ப்பது. சுரண்டவும் ஊதவும் வேண்டாம்; சில பெட்டகங்களின் நிரப்பலில் ஆஸ்பெஸ்டாஸும் உண்டு.

அதைவிட ஆபத்தான ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்த அமெரிக்கப் பெட்டகங்கள் சிலவற்றில் கதவின் பின்புறம், உலோகக் கூட்டுக்குள், திரவம் நிரம்பிய கண்ணாடிக் குப்பி இருக்கும். கதவை உடைக்கும் திருடன் மீது கண்ணீர்ப்புகை பாயவேண்டும் என்று வைத்தது. உள்ளே பெரும்பாலும் குளோரோபிக்ரின், முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட நச்சுப்பொருள். எத்தனை பத்தாண்டு கடந்தாலும் வீரியம் போகாது. கண்டால் தொடாமல் வெளியேறித் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

மூடியைத் திறந்தால் அதன் அடியில் பத்துப் பன்னிரண்டு தாழ்கள் சிலந்திக்கால்போல் விரியும் இரும்புப் பேழைகள் தனி இனம். முன்பக்கத்தில் அலங்காரத்தோடு இருக்கும் சாவித்துவாரம் போலி. உண்மைத் துவாரம் மூடியின் நடுவில். 'ஆர்மடா பெட்டி' என்பார்கள். ஆர்மடா எனப்பட்ட 1588-இன் ஸ்பானியக் கப்பற்படைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. நியூரம்பெர்க் போன்ற ஜெர்மன் நகரங்களின் வேலைப்பாடு, பெயர் மட்டும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

திருகுகளையும் விடாதீர்கள். கூட்டல் குறித் திருகு 1930களில்தான் பரவியது. ஒன்று மட்டும் அப்படி இருந்தால் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். எல்லாமே அப்படி இருந்து, வேறு எங்கும் பழைய திருகுத் துளையின் தடமும் இல்லையென்றால் உங்கள் இருநூறு வருடத்தை மறுபடி எண்ண வேண்டும்.

படம் எடுங்கள், ஒவ்வொரு பக்கமும், ஏதாவது கழற்றுவதற்கு முன்பே. பூட்டின் வரிசை எண்ணையும் பெட்டகத்தின் எண்ணையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சப் பூட்டுகளின் ஆண்டை அந்த எண்ணை வைத்தே கணிக்கிறார்கள். ஆனால் பெட்டகம் பயன்பாட்டில் இருந்தால் சாவியின் படத்தை யாருக்கும் காட்ட வேண்டாம். பல்லின் படிகள் தெளிவாகத் தெரியும் ஒரு படம் கிடைத்தால் என்னால் சாவி வெட்ட முடியும். என்னால் முடிந்தால் இன்னொருவராலும் முடியும்.