கண்ணால் பார்ப்பது போட்டோ அல்ல

போன வாரம் மறுபடியும் அதே கேள்வி. "இவ்வளவுதானா சார்?" இத்தனை வருடமாகத் தொலைநோக்கி பக்கத்தில் நின்று வானம் காட்டுகிறேன், இந்தக் கேள்விக்கு மட்டும் மனசு பழகவே மாட்டேன் என்கிறது.

அந்தத் தம்பி பார்த்தது என்ஜிசி 3115 என்ற வில்லை வடிவ கேலக்ஸி. 1787-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. சுருள் கைகள் கிடையாது. பக்கவாட்டில் தெரிவதால், நடுவில் பருத்து இரண்டு முனையும் மெலிந்த நூல் கதிர் மாதிரி இருக்கும். அந்த ஒளி கிளம்பி 3 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

தம்பி கையில் போனில் அதன் படம். நீலமும் பொன்னிறமுமாக ஜொலிக்கிறது. அந்த நீலம் என்ன தெரியுமா? நடுவில் இருக்கும் கருந்துளையை நோக்கிப் போகும் சூடான வாயு. சந்திரா விண்வெளித் தொலைநோக்கி எக்ஸ்ரேயில் பிடித்தது. எக்ஸ்ரே யார் கண்ணுக்கும் தெரியாது. நாம் பார்ப்பதற்காக விஞ்ஞானிகள் அதற்கு நீலம் கொடுத்தார்கள். பொய்ப் படம் இல்லை. ஆனால் உங்கள் கண் பார்க்கக்கூடிய காட்சியும் இல்லை. கேமரா மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும், கண்ணால் அது முடியாது. மங்கலான ஒளியை உணரும் கண் செல்களுக்கு நிறமும் தெரியாது. ஐபீஸில், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸில், சாம்பல் நிறத் தீற்றல்தான் தெரியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அப்படித்தான்.

தொலைநோக்கிப் பெட்டியில் '600 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று போட்டிருந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 140 மடங்கைத் தாண்டினால் பிம்பம் கலங்கிவிடும். உருப்பெருக்கத்தை விடுங்கள், ஒளியைச் சேர்க்கும் பெரிய லென்ஸ் அல்லது ஆடியின் விட்டத்தைப் பாருங்கள். ஐபீஸில் திருகி மாட்டும் சூரிய ஃபில்டர் கூடவே வந்தால் தூக்கி எறியுங்கள், சூட்டில் வெடித்தால் கண் போய்விடும்.

அப்புறம், போன். எத்தனை தடவை சொல்வது! இருட்டுக்குக் கண் பழக 20, 30 நிமிடம் ஆகும். ஒரு மெசேஜ் பார்த்தால் எல்லாம் வீண்.

இந்தக் கேலக்ஸியைத் தேட, மகம் நட்சத்திரத்திலிருந்து தெற்கே, நீட்டிய கையால் ஒரு சாண் அளவு இறங்குங்கள். நேராக முறைக்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள்.

தம்பியின் போனை வாங்கிப் பையில் போட்டேன். தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போர்த்தி உட்கார வைத்தேன். அரை மணி நேரம் கழித்துத் துணிக்குள்ளிருந்து குரல் வந்தது:

"சார், நீளமா இருக்கு. நடுவுல மட்டும் பளிச்சுன்னு இருக்கு."