ஏரியலின் மறுபாதி

பெருநிலப் பக்கத்துப் பிறை ஊரிலிருந்து விடியற்காலையில் பினாங்குப் பாலத்தில் ஏறினால், வானம் தெளிந்த நாளில் வலப்பக்கம் வடக்கே குனோங் ஜெராய் நீலமாக எழுந்து நிற்பது தெரியும். கடாரம் தேடி வந்த கப்பல்களுக்கு அடையாளமாக இருந்த அதே மலை. இன்று அதன் உச்சியில் வானொலிக் கோபுரங்கள் நிற்கின்றன. கெடாவிலும் பினாங்கிலும் நாம் கேட்கும் பல பண்பலை நிலையங்கள் அங்கிருந்துதான் இறங்கி வருகின்றன. பாலத்தின் நடுவிலிருந்து அந்த உச்சிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இடையில் மறைக்க ஒன்றுமில்லை. கடலும் தாழ்ந்த வயல்வெளியும்தான்.

அப்படிப்பட்ட இடத்தில் என் டூரிங் பைக்கின் ரேடியோ கரகரத்தது. பாட்டின் மேல் யாரோ மணலைக் கொட்டிக்கொண்டே வருவது போன்ற இரைச்சல். பின்னால் காரில் வந்த மச்சானுக்கு அதே நிலையம் சுத்தமாகக் கேட்டிருக்கிறது. தீவுப் பக்கம் இறங்கித் தேநீர் குடிக்க நிறுத்தியபோது, “ரேடியோ போச்சு மச்சான், மாத்திடுங்க” என்றார். ரேடியோ போகவில்லை என்பது எனக்குத் தெரியும். பைக்கின் பின்பெட்டியை மாற்றிப் புது ஏரியல், அதாவது அலை வாங்கும் கம்பி, பொருத்துவதற்கு முன்பு வரை அது நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. அடுத்த சில வார இறுதிகளை இதற்கே செலவழித்தேன். அதில் புரிந்ததை எழுதுகிறேன். பைக்கில் ரேடியோ வைத்திருப்பவர்கள் பலர் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

பண்பலை அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. பூமி வளைந்திருப்பதால் கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் எட்டும். கணக்கு எளிது: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அலையின் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். ஜெராயின் உயரம் 1,217 மீட்டர். வர்க்கமூலம் ஏறத்தாழ 35, பெருக்கினால் 140 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 50 கிலோமீட்டரில் நிற்கும் பாலம் அதன் மடியில் இருக்கிறது என்றே சொல்லலாம். ஆக, அலை வந்து சேர்கிறது. பைக்கிடம் வந்த பிறகுதான் ஏதோ ஆகிறது.

இப்போது அலையின் நீளம். நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் அலை, 100 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 10 கோடி முறை அதிர்கிறது. ஓர் அதிர்வு முடிவதற்குள் அது 3 மீட்டர் நகர்ந்திருக்கும். அதில் கால்பங்கு 75 சென்டிமீட்டர். டூரிங் பைக்கின் பின்பெட்டி ஓரத்தில் ஆடும் கம்பியின் நீளம் பெரும்பாலும் இதை ஒட்டியே இருப்பதற்குக் காரணம் இதுதான். கம்பியின் அடியிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் நுனியில் முட்டித் திரும்பி வந்து சேரும் நேரமும், அலை திசைமாறும் நேரமும் அந்த நீளத்தில் ஒத்துப்போகின்றன. ஊஞ்சல் திரும்பும் தருணம் பார்த்துத் தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே உயரப் போகிறதே, அது போல.

ஆனால் ஒரு கை தட்டி ஓசை எழாது. கம்பிக்குள் மின்னோட்டம் ஏறவேண்டுமானால் அதே அளவு மின்னோட்டம் இன்னொரு பக்கம் ஓட இடம் வேண்டும். முழு ஏரியல் என்பது உண்மையில் இரண்டு கைகள் கொண்டது. நாம் கண்ணால் பார்க்கும் கம்பி ஒரு கை. அதன் அடியில் விரிந்திருக்கும் உலோகம்தான் மறு கை. காரின் கூரையில் நட்ட கம்பிக்கு அந்தத் தகடு கண்ணாடி போல வேலை செய்கிறது: மேலே ஒரு கம்பி, தகட்டுக்குக் கீழே இன்னொரு கம்பி இருப்பது போல அலைக்குத் தோன்றும். என் மச்சானின் கார் பாடியது அதனால்தான்.

பைக்குக்கு அப்படிக் கூரை கிடையாது. பளபளவென்று தெரியும் உடம்பில் பெரும்பகுதி பிளாஸ்டிக். பின்பெட்டி பிளாஸ்டிக், பக்கப்பெட்டி பிளாஸ்டிக், முன்முகப்பும் அதுவே. உலோகம் என்று இருப்பது உள்ளே ஓடும் சட்டமும் எஞ்சினும்தான். நீளமான அந்தச் சட்டம் மறு கையாக இருக்கப் போதுமானது. கம்பியின் அடி அதோடு சரியாகப் பிணைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் பைக்கில் பிணையவில்லை. புதுப் பெட்டியைத் தாங்க ஒரு பிராக்கெட் போட்டிருந்தார்கள். அதன் மேல் கனமான கறுப்புப் பூச்சு. ஏரியலின் அடி அந்தப் பூச்சின் மேல் உட்கார்ந்திருந்தது. பிராக்கெட் இன்னொரு பூச்சின் மேல் சட்டத்தோடு முடுக்கப்பட்டிருந்தது. பார்வைக்கு இரும்போடு இரும்பு. மல்டிமீட்டரை வைத்தால் முள் அசையவே இல்லை. பொருத்தியவரிடம் சொன்னபோது, மெல்லிய ஒரு வயரை ஏரியல் அடியிலிருந்து இழுத்து, சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட்டில் கட்டி, “எர்த்து குடுத்தாச்சுண்ணே, இனி பாருங்க” என்றார். மீட்டரும் இப்போது 0.2 ஓம் காட்டியது. பாலத்தில் ஏறினேன், கரகரப்பில் பெரிய மாற்றம் இல்லை.

இந்த 0.2 ஓம்தான் என்னைப் பல நாள் குழப்பியது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அது பேட்டரி மின்னோட்டத்தை வைத்து அளக்கிறது. நொடிக்கு 10 கோடி முறை திசைமாறும் மின்னோட்டத்துக்கு அதே வயர் வேறு பொருள். எந்த நேர் வயரும் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தை எழுப்பி, மாற்றத்தை எதிர்க்கும். மாற்றம் வேகமாக ஆக ஆக எதிர்ப்பும் ஏறும். 30 சென்டிமீட்டர் மெல்லிய வயர் 100 மெகாஹெர்ட்ஸில் 200 ஓமைத் தாண்டிவிடும். கால் அலைநீளக் கம்பியின் சொந்த மின்தடையோ 36 ஓம் அளவில்தான். அதாவது, ஏரியலின் இரு கைகளுக்கு நடுவே ஏரியலைப் போல ஐந்தாறு மடங்கு தடையை நாங்களே கொண்டுபோய் வைத்திருந்தோம். விளக்குக்கு நல்ல எர்த்து வானொலிக்கு நல்ல எர்த்து ஆகிவிடாது.

சரிசெய்வதற்குத் தேவைப்பட்டது ஓர் உப்புத்தாளும் ஒரு செப்புப் பின்னல் பட்டையும். பிராக்கெட்டைக் கழற்றி, ஏரியல் உட்காரும் வட்டத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டினேன். கறுப்பு போய், சாம்பல் போய், கடைசியில் வெள்ளி மின்னியது. சட்டத்தில் போல்ட் இறங்கும் துளையைச் சுற்றியும் அப்படியே. இரண்டு இடத்திலும் பல் வைத்த வாஷர் போட்டேன். அது உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும். இரண்டையும் இணைக்க 2 சென்டிமீட்டர் அகலத்தில், 8 சென்டிமீட்டர் மட்டுமே நீளமுள்ள பின்னல் பட்டை. அகலமும் குட்டை நீளமும் சேர்ந்தால் அந்த 200 ஓம் 30க்குள் இறங்கிவிடும். முடுக்கிய பிறகு, வெளிப்பக்கம் முழுக்க கிரீஸ் தடவினேன். பினாங்கில் இதை மறக்கக்கூடாது. கடற்காற்றின் உப்பும் நம் ஊர் ஈரமும் அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் வெகு சீக்கிரம் வெள்ளை மாவு பூக்க வைத்துவிடும். பிறகு பழைய கதைதான்.

மறு கை இல்லாத ஏரியல் சும்மா இருப்பதில்லை, இன்னொரு கெடுதலும் செய்கிறது. கம்பிக்கு எதிர்ப்பக்கம் வேண்டுமே. சட்டம் கிடைக்காவிட்டால் ரேடியோவுக்குப் போகும் கேபிளின் வெளிப்பின்னலையே அது பிடித்துக்கொள்ளும். அலையைப் பத்திரமாகக் கொண்டுபோவதற்காக உள்கம்பியைச் சுற்றி நெய்த உறை, இப்போது தானே ஏரியலாக மாறிவிடுகிறது. அந்தக் கேபிள் எந்த வழியாக ஓடுகிறது என்று பாருங்கள்: சீட்டுக்கு அடியில், ரெக்டிஃபையரை உரசி, போன் சார்ஜருக்குப் பக்கத்தில், இக்னிஷன் காயில்களைத் தாண்டி. பைக்கின் அழுக்கு எல்லாம் இருக்கும் தெருவில்.

ஸ்பார்க் பிளக் என்பது குட்டி ஒலிபரப்பு நிலையம். இது வெறும் உவமை கிடையாது. 1880களின் கடைசியில் ஹெர்ட்ஸ் முதன்முதலாக வானொலி அலையை எழுப்பியது தீப்பொறியால்தான். 1901இல் மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி அனுப்பியதும் பொறியால்தான். ஒவ்வொரு பொறியும் பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் சத்தம் போடும். அதை அடக்கத்தான் பிளக்கின் உள்ளே சுமார் 5,000 ஓம் தடையை வைக்கிறார்கள். என்ஜிகே பிளக்குகளின் எண்ணில் நடுவே வரும் ‘ஆர்’ எழுத்துக்கு அதுதான் பொருள். மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்த எழுத்து இல்லாத பிளக்கை மாட்டினால் எஞ்சின் ஓடும், ரேடியோ அழும்.

இன்றைய பைக்கில் பொறியை விடப் பெரிய தொல்லை யூஎஸ்பி சார்ஜரும் எல்இடி கூடுதல் விளக்கும். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்க, உள்ளே ஒரு சுவிட்ச் நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு கூரிய திறப்பும் மூடலும் தன் மடங்கு அதிர்வெண்களை மேலே மேலே தெளிக்கும். நல்ல வடிகட்டி இல்லாத சார்ஜரில் அந்தச் சிதறல் பண்பலை வரை ஏறிவரும். கண்டுபிடிக்கக் காதே போதும். எஞ்சினை அணைத்துவிட்டு, ரேடியோவைத் தொலைவான ஒரு நிலையத்தில் வைத்துக் கேளுங்கள். எஞ்சினை எழுப்பியதும் டிக் டிக் என்று கேட்டு, திருகத் திருக வேகமெடுத்தால் அது பொறி. சீட்டி போல உயர்ந்துகொண்டே போனால் மின் உற்பத்திப் பக்கம். எஞ்சின் அணைந்தும் இரைச்சல் அப்படியே இருந்தால், சார்ஜரைப் பிடுங்குங்கள், பிறகு விளக்கை அணையுங்கள். என் பைக்கில் சார்ஜரைப் பிடுங்கிய நொடியில் தூரத்து நிலையம் ஒன்று இருட்டறையில் விளக்கு போட்டது போலத் தெளிந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லது ஒன்று வாங்கி, அதன் வயரில் இரண்டு ஃபெரைட் வளையங்களைக் கவ்வ விட்டேன். ஏரியல் கேபிளிலும் ரேடியோ முனையில் ஒன்று. அந்தக் கறுப்புக் கல், வயரின் வெளிப்புறத்தில் திருட்டுத்தனமாக ஓடும் வேகமான மின்னோட்டத்தை மட்டும் தடுக்கும். உள்ளே போகும் சமிக்ஞையைத் தொடாது.

பூஸ்டர் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: முதலில் மேலே சொன்னதைச் செய்யுங்கள். பூஸ்டருக்குப் பாட்டும் தெரியாது, இரைச்சலும் தெரியாது. வந்ததையெல்லாம் சேர்த்துப் பெருக்கும். குட்டையான ரப்பர் ஏரியல்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 20 சென்டிமீட்டருக்குள் கம்பியைச் சுருட்டி வைத்து 75 போல நடிக்க வைக்கலாம், ஆனால் ஏதாவது ஓர் அதிர்வெண்ணைச் சுற்றித்தான் அது நன்றாக நடிக்கும். பண்பலை 87.5இலிருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை விரிந்து கிடக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக கம்பியின் முக்கால் பங்கு நீளத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமா? நெடுஞ்சாலை வேகத்தில் நீளக் கம்பி பின்னால் வளைகிறதே என்று கவலைப்படுபவர்களும் உண்டு. 30 பாகை சாய்ந்தாலும் அதனால் இழப்பது ஒன்றேகால் டெசிபெல் அளவுதான், காது கவனிக்காது.

ஜார்ஜ் டவுனில் கொம்தார் கோபுரம் பக்கம் சிவப்பு விளக்கில் நிற்கும்போது பாட்டு மங்கி, பைக்கை அரை மீட்டர் உருட்டினதும் தெளிவதைக் கவனித்திருப்பீர்கள். கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இந்தக் குழிகள் பெரும்பாலும் அரை அலைநீளத்துக்கு ஒன்றாக, ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இருக்கும். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் பைக் நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. அப்படியானால் நொடிக்குப் பதினாறு குழி. வேலிக்கம்புகளை விரலால் தட்டிக்கொண்டே ஓடுவது போன்ற அந்தப் படபடப்பு அதுதான். இதற்கு ஏரியலில் மருந்து கிடையாது. ஆனால் ரேடியோவில் மோனோ தேர்வு (இடது வலது இரண்டிலும் ஒரே ஒலி) இருந்தால் பயன்படுத்துங்கள். ஸ்டீரியோவின் இடது வலது வேறுபாடு 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறிவருகிறது. பண்பலையில் அதிர்வெண் உயர உயர இரைச்சலும் உயரும் என்பதால் நலிந்த சமிக்ஞையில் முதலில் கெடுவது அந்தப் பகுதியே. அதைக் கைவிட்டால் இரைச்சல் 20 டெசிபெல் வரை குறையும். ஹெல்மெட்டும் காற்றும் இருக்கையில் ஸ்டீரியோ போனதை யாரும் உணரப் போவதில்லை.

கோலாலம்பூர் வரை போகிறவர்கள் இன்னொன்றை மனத்தில் வைக்கவேண்டும். தெற்கே போகப் போக ஜெராய் தாழ்ந்து, ஈப்போ பக்கம் குனோங் கிளெடாங் கைகொடுத்து, பிறகு கெந்திங் உச்சியில் 1,772 மீட்டரில் நிற்கும் உலு காலி எழும். கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் நிலையங்களான மின்னல் 96.3, ராகா 99.3. ஒரே நிலையம் மலைக்கு மலை எண் மாறும். மாறும் இடத்தில் வரும் இரைச்சலுக்குப் பைக்கைக் குறை சொல்ல வேண்டாம்.

பின்னல் பட்டை போட்டுப் புது சார்ஜரும் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை மறுபடி பாலத்தில் ஏறினேன். ஜெராய்க்குப் பக்கவாட்டில் ஓடிய அந்த 13.5 கிலோமீட்டரில் ஒரு முறைகூட மணல் கொட்டவில்லை. அப்படியே பாயா தெருபோங் வழியாக துன் சார்டோன் சாலையில் ஏறி, பாலிக் பூலாவ் பக்கம் இறங்கினேன். வளைவுகளில் மலை முதுகைத் திருப்பியதும் பாட்டு மெலிந்தது. பாலிக் பூலாவிலிருந்து ஜெராயைப் பார்க்கக் கோடு போட்டால் அது நேராக 833 மீட்டர் உயரப் பினாங்கு மலைத்தொடரில் முட்டும். மலையின் விளிம்பில் மடங்கி இறங்கும் கொஞ்சம் அலைதான் அந்தப் பக்கம் வரும். மோனோவுக்கு மாற்றினேன். குரல் தெரிந்தது, மெல்லிய சரசரப்போடு, டுரியான் தோட்டங்கள் தொடங்கும் இடம் வரை.