லிஃப்ட் கிட், பெரிய டயர், புல் பார்: ஆஃப் ரோடு வண்டியில் எதை மாற்றலாம்?

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிய கையோடு பலரும் கேட்கும் கேள்வி, "எவ்வளவு பெரிய டயர் போடலாம், எத்தனை இஞ்ச் தூக்கலாம்?" என்பதுதான். "எல்லாரும் போடுறாங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று கடையில் சொல்வார்கள். ஆனால் நாளைக்குப் பிரச்சினை என்றால் பதில் சொல்ல வேண்டியவர் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதற்கான விதி மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கட்டமைப்பில் கைவைத்து வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறினால் அது சட்டப்படி மாற்றம். கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது.

உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். பாடி வகை, இருக்கை எண்ணிக்கை, வீல் பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்), காலி எடை, எரிபொருள், நிறம் எல்லாம் அதில் இருக்கும். ஹார்டு டாப்பை வெட்டி சாஃப்ட் டாப் ஆக்கினால் பாடி வகை மாறுகிறது. பின்னால் இரண்டு சீட் சேர்த்தால் இருக்கைக் கணக்கு மாறுகிறது. இரும்பு பம்பர், விஞ்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி), ரூஃப் ராக் என்று ஏற்றிக்கொண்டே போனால் காலி எடை மாறுகிறது. எதை வாங்கும் முன்னும் இந்தத் தாளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முதல் சோதனை.

டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 245/75 ஆர்16 என்றால் அகலம் 245 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 16 அங்குலம். கணக்குப் போட்டால் மொத்த விட்டம் சுமார் 774 மி.மீ. அதே ரிம்மில் 265/75 போட்டால் விட்டம் 804 மி.மீ. ஆகிவிடும். 30 மி.மீ. கூடினாலும் வண்டி உயர்வது அதில் பாதி, 15 மி.மீ.தான். ஆனால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 83-இல் போய்க்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் வீல் ஆர்ச்சில் உரசவும் கூடும். "அப்படின்னா கொஞ்சம் தூக்கிடலாம்" என்று அடுத்த செலவு அங்கேதான் தொடங்குகிறது.

என் கருத்தில் பாதுகாப்பான வழி ஒன்றுதான். உங்கள் மாடலின் ஏதாவது ஒரு வேரியன்ட்டுக்கு நிறுவனமே கொடுக்கும் டயர் அளவுக்குள் நில்லுங்கள். அந்த அளவிலேயே ஆல் டெரைன் டயர் (சாலை, மண் இரண்டுக்குமானது) கிடைத்தால் பெரும்பாலானோருக்கு அதுவே போதும். லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் காட்டும் எண்) பழைய டயரைவிடக் குறையக் கூடாது, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். டயர் பட்டன் தேய்மானத்துக்கும் விதி உண்டு: நான்கு சக்கர வண்டியில் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் டயரை மாற்றியே ஆக வேண்டும்.

வண்டியை உயர்த்தப் போடும் பாகங்களின் தொகுப்புதான் லிஃப்ட் கிட். அந்தப் பெயர் 52-ஆவது பிரிவில் கிடையாது. ஆனால் ஒப்புதல் பெற்ற வடிவத்திலிருந்து சஸ்பென்ஷனையே மாற்றி வண்டியின் உயரத்தைக் கூட்டுவதை வெறும் அலங்காரம் என்று வாதாடுவது கடினம். வண்டியின் எடை மையம் மேலே போகிறது, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது, பிரேக் ஹோஸ் இழுபடுகிறது. அதோடு, சாலிட் ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு) உள்ள வண்டியில் சஸ்பென்ஷனைத் தூக்கினால் உயர்வது பாடி மட்டும்தான். கல்லில் இடிக்கும் டிஃபரென்ஷியல் (அச்சின் நடுவில் உள்ள கியர் பெட்டி) இருந்த இடத்திலேயே இருக்கும். இவ்வளவு செலவு செய்பவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முன் பம்பரில் மாட்டும் இரும்புக் கம்பிச் சட்டமான புல் பாரில் சந்தேகத்துக்கே இடமில்லை. அதைப் பொருத்துவது 52-ஆவது பிரிவை மீறுவது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. அடிபடும் பாதசாரிக்கு அது எமன். மோதலின் விசை சென்சாருக்குப் போகும் விதம் மாறி ஏர் பேக் விரிவதிலும் குழப்பம் வரலாம். முன்பக்க ஸ்பாட் லைட்டும் பதிவு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் கூடாது. அந்த ஒப்புதலும் விதிவிலக்கான சூழலில்தான் கிடைக்கும்.

தண்டனை 182ஏ(4) பிரிவில் இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புல் பார், லைட், லிஃப்ட் மூன்றும் இருந்தால் 15,000 ரூபாய். "நான் ரோட்டில் ஓட்டுவதில்லை, ஆற்றுப் படுகையில்தான்" என்பதும் எடுபடாது. பொதுமக்கள் போக உரிமை உள்ள எந்த இடமும் சட்டத்தின் பார்வையில் பொது இடம்தான்.

முறையாகச் செய்ய நினைத்தால், வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்குங்கள். வேலை முடிந்ததும் வண்டியைக் காட்டி ஆர்.சி.யில் பதிவு செய்யுங்கள். வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் போட்டதை கிளெய்ம் நேரத்தில் சர்வேயர் கண்டுபிடித்தால் கை விரித்துவிடுவார்கள்.

வண்டியில் நிரந்தரமாகப் பொருத்தாத எதற்கும் இந்தத் தலைவலி இல்லை. சிக்கிய வண்டியை இழுக்கும் ரெக்கவரி கயிறு, அதை மாட்டும் ஷேக்கிள், மண்வெட்டி, சிறிய கம்ப்ரெஸர், டயர் பிரஷர் கேஜ் எல்லாம் டிக்கியில் கிடக்கும் சாமான்கள். மணலில் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி, வெளியே வந்ததும் மறுபடி ஏற்றத் தெரிந்தவர், தூக்கிய வண்டி சிக்கும் இடத்தையும் பல நேரம் கடந்துவிடுவார். முதல் பணத்தை இதில் போடுங்கள்.

ஒப்புதலோடு எதையாவது மாற்றினாலும், கழற்றிய டயர், ஸ்பிரிங், பம்பரை விற்றுவிடாதீர்கள். 15 ஆண்டு முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகும்போது வண்டியை நேரில் பரிசோதிப்பார்கள். அப்போது கம்பெனி பாகம் தேவைப்பட்டால் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.