மஸ்ஸர்: ஒரு வரிவிளம்பரச் சொல்

மஸ்ஸர் என்றால் மசாஜ் செய்யும் ஆண். பெண் என்றால் மஸ்ஸூஸ். அகராதி இதோடு முடித்துக்கொள்ளும். ஆனால் 1970, 80களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வந்த கே (ஆண்மேல் நாட்டமுள்ள ஆண்களுக்கான) பத்திரிகைகளின் வரிவிளம்பரப் பக்கத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் அகராதி அவ்வளவாக உதவாது. அங்கே அது தொழிலின் பெயர். போலீசுக்குக் காட்டும் முகம். விஷயம் தெரிந்தவர்களுக்கு, பாலின்ப மசாஜ் என்று சொல்லும் ஒரு கண்ஜாடையும்கூட.

முதலில் வேர். பிரெஞ்சில் ‘மஸ்ஸே’ என்றால் உடம்பைப் பிசைந்து விடுதல். அது எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கட்சி உண்டு. தொடுதல் என்று பொருள்படும் அரபுச் சொல் ‘மஸ்ஸ’விலிருந்து என்பது ஒன்று. மாவு பிசைவதைக் குறிக்கும் போர்த்துகீசிய ‘அமஸ்ஸார்’ இந்தியாவில் இருந்த பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்து அவர்கள் மொழிக்குப் போனது என்பது மற்றொன்று. இன்னும் தீராத வழக்கு. ஆங்கிலேயருக்கோ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு வேறு பெயர் இருந்தது: ஷாம்பூ. பீகாரிலிருந்து போன சேக் தீன் மகமது பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலறை வைத்து ‘ஷாம்பூ’ செய்துவந்தார். தலைக்கு நுரை போடுவதல்ல, கைகால் அமுக்கிவிடுவது. அமுக்கு என்று பொருள்படும் இந்திச் சொல்தான் மூலம்.

இந்தத் தொழில்மேல் கறை விழுந்தது பின்னால் வந்த பத்திரிகைகளால் அல்ல. 1894இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்று, லண்டனில் மசாஜ் நிலையம் என்ற பெயரில் பாலியல் தொழில் நடக்கிறது என்று எழுதிப் பரபரப்பாக்கியது. அதே ஆண்டு சில செவிலியர்கள் சேர்ந்து, பயிற்சி பெற்றவர்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். இன்றைய பிரிட்டிஷ் இயன்முறை மருத்துவர் சங்கம் அதன் வாரிசு. எங்கள் மசாஜ் வேறு, அந்த மசாஜ் வேறு என்று பிரித்துக் காட்டவே ஒரு சங்கம் தேவைப்பட்டிருக்கிறது! ‘மசாஜ் சென்டரில் ரெய்டு’ என்று நம் ஊர் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் செவிலியர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

சரி, இணையம் இல்லாத காலத்தில் ஓர் ஆண் இப்படிப்பட்ட மஸ்ஸரை எப்படிக் கண்டுபிடித்தான்? பெருநகரங்களில் பழைய வழி, கே ஆண்கள் கூடும் குளியல் விடுதி. நியூயார்க்கின் எவரார்ட் குளியல் விடுதி 1888இல் திறந்தது. அதுபோன்ற இடங்களில் உடம்பு தேய்த்துவிடுவது சாதாரண வேலை. யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். 1960களின் நடுவில் பாப் டேம்ரன் என்பவர் கே ஆண்களுக்கென்று சட்டைப்பைக்குள் அடங்கும் முகவரிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். 1973இல் அதேபோல ‘கேயெல்லோ பேஜஸ்’ என்ற முகவரிக் கையேடு வந்தது. ஆனால் இவை முக்கியமாக மதுக்கடை, விடுதி, கடை என்று இடங்களைச் சொன்னவை. வீட்டில் இருந்துகொண்டு தனியாகத் தொழில் செய்பவனுக்கு வரிவிளம்பரம்தான் வழி.

அதில் சிக்கல் என்னவென்றால், எழுதினால் சட்டம் பிடிக்கும். பிரிட்டனில் ‘தி லிங்க்’ என்ற தோழமை தேடும் இதழ் 1915இலிருந்து வந்துகொண்டிருந்தது. கலைரசனை உள்ளவன், இசைப்பிரியன், வழக்கத்துக்கு மாறானவன் என்றெல்லாம் ஆண்கள் அதில் தங்களை விவரித்துக்கொண்டார்கள். புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்தது. போலீசுக்கும் புரிந்துவிட்டது. 1921இல் அதன் ஆசிரியர் ஆல்ஃபிரட் பாரெட்டுக்கு இரண்டாண்டு கடுங்காவல். அரை நூற்றாண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இங்கிலாந்தில் வயதுவந்த இரு ஆண்கள் தனிமையில் கூடுவது 1967இல் குற்றமல்ல என்றாகிவிட்டது. ஆனாலும் ஆண்களின் தொடர்பு விளம்பரங்களை வெளியிட்ட ‘இன்டர்நேஷனல் டைம்ஸ்’ என்ற லண்டன் பத்திரிகை மீதான தண்டனையை, பொது ஒழுக்கத்தைக் கெடுக்கச் சதி செய்தார்கள் என்ற குற்றச்சாட்டில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1972இல் உறுதிசெய்தது. செய்தால் குற்றமில்லை, செய்ய ஆள் தேடி அச்சடித்தால் குற்றம். விசித்திரமான நியாயம்.

இந்த இடுக்கில்தான் ‘மஸ்ஸர்’ கைகொடுத்தது. மசாஜ் செய்வது குற்றமில்லையே.

அமெரிக்காவில் 1967இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய கே பத்திரிகை ‘தி அட்வகேட்’, பின்னாளில் வரிவிளம்பரங்களை இளஞ்சிவப்புத் தாளில் தனிப் பகுதியாக அச்சிட்டது. மற்றதை வீட்டு மேசையில் வைத்துவிட்டு இதை மட்டும் உருவி எடுத்துக்கொள்ளலாம். சான் பிரான்சிஸ்கோவில் 1971இல் தொடங்கிய ‘பே ஏரியா ரிப்போர்ட்டர்’ மதுக்கடைகளில் இலவசமாகக் கிடைத்தது. இவற்றில் வரும் விளம்பரம் ஏறக்குறைய இந்த அச்சில் இருக்கும்: “கட்டுடல், 28 வயது. முழு உடம்பு. எண்ணெய். இன்/அவுட். மாலை 6க்கு மேல்.” வரிக்கு இவ்வளவு என்று காசு என்பதால் சுருக்கம். ‘இன்’ என்றால் நீ வா, ‘அவுட்’ என்றால் நான் வருகிறேன். வயதும் உடற்கட்டும் முதுகுவலிக்குத் தேவையில்லாத தகவல்கள். அவை இருப்பதே செய்தி. மாறாக, சான்றிதழ் பெற்றவர் என்றும் ஸ்வீடிஷ் முறை என்றும் எழுதியிருந்தால் பெரும்பாலும் அது முதுகுக்கானதுதான். கலிபோர்னியாவின் பல நகரங்களில் மசாஜ் அனுமதிச் சீட்டைக் காவல்துறையே கொடுத்துவந்தது. எனவே அந்தச் சீட்டு வாங்கியவன் அதைப் பணயம் வைக்கத் தயங்குவான். ஆனால் எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருந்ததில்லை. தொலைபேசியில் பேசும்போதும் நேரடியாகக் கேட்கமாட்டார்கள்; மறுமுனையில் போலீஸ் இருக்கலாம் என்ற பயம் இரண்டு பக்கமும் இருந்தது.

தொலைபேசி எண் கொடுக்கத் தயங்கியவர்களுக்குப் பெட்டி எண். பதிலை ஓர் உறையிலிட்டு ஒட்டி, தபால்தலையும் ஒட்டி, மூலையில் விளம்பர எண்ணை மட்டும் எழுத வேண்டும். பிறகு அதை இன்னொரு உறைக்குள் வைத்துப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். அங்கே வெளியுறையைப் பிரித்து, உள்ளுறையில் முகவரி எழுதித் தபாலில் சேர்ப்பார்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். பின்னால் பேஜரும் குரல் அஞ்சலும் வந்த பிறகுதான் இந்தக் காத்திருப்பு குறைந்தது.

1980களில் எய்ட்ஸ் இந்தச் சொல்லின் எடையையே மாற்றியது. 1984இல் சான் பிரான்சிஸ்கோவிலும் 1985இல் நியூயார்க்கிலும் குளியல் விடுதிகள்மேல் நடவடிக்கை வந்தது. அதே 1984இல் ஓக்லாண்டில் ஜோசப் கிராமர் ‘பாடி எலெக்ட்ரிக்’ பள்ளியைத் தொடங்கி, கே ஆண்களுக்குப் பாலின்ப மசாஜைக் குழுவாகக் கற்றுக்கொடுத்தார். தொடவே பயந்துபோன காலத்தில், தொற்று ஆபத்து மிகக் குறைந்த ஒரு நெருக்கம் என்பது அதன் ஈர்ப்பு. மறைத்துச் சொல்லப்பட்ட ஒன்றுக்கு அப்போதுதான் பாடத்திட்டமும் வகுப்பறையும் கிடைத்தன. அட்வகேட் மட்டும் எதிர்த்திசையில் போனது: 1992இல் பாலியல் விளம்பரங்களைத் தனி வெளியீடாகப் பிரித்துவிட்டது.

தமிழில் என்ன சொல்வது? மசாஜுக்கு நம்மிடம் சொற்பஞ்சமே இல்லை: நீவுதல், உருவுதல், அமுக்கிவிடுதல், பிடித்துவிடுதல். சித்த மருத்துவத்தில் தொக்கணம் உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல் என்று அதற்கு வகைகளும் உண்டு. அதை இந்த இடத்துக்கு இழுக்கக்கூடாது என்பது என் கருத்து; 1894இல் அந்தச் செவிலியர்கள் பட்ட பாட்டை சித்த மருத்துவர்களும் படவேண்டாம். ‘மாலிஷ்’ பாரசீகத்திலிருந்து வந்தது, தேய்த்தல் என்று பொருள். பேச்சில் பழகிய சொல்தான், ஆனால் தலையில் எண்ணெய் வைத்துத் தட்டும் ஆள்தான் உடனே மனதில் வருவார்.

பாலின்ப வகைக்கு ‘சிற்றின்ப மசாஜ்’ என்று சிலர் எழுதுகிறார்கள். சிற்றின்பம் என்றாலே பேரின்பம் பக்கத்தில் நின்று முறைக்கும். விவரிக்க வந்த சொல் தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. ‘இன்ப நீவல்’ எனக்குச் சரியாகப் படுகிறது, செய்பவர் ‘நீவுநர்’. பழைய விளம்பரத்தை மொழிபெயர்க்கும்போது மட்டும் நீவுநர் என்று போட்டு, முன்னால் ‘இன்ப’ சேர்க்காமல் விடுங்கள். விளம்பரம் கொடுத்தவர் அதைச் சேர்க்காமல் விட்டது காசை மிச்சம் பிடிக்க அல்ல.