கொதிப்பும் கொழுப்பும்

என் அத்தைக்கு 52 வயது. மூன்று வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். போன பங்குனியில் ஊருக்குப் போயிருந்தபோது, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் அம்லோடிபின் அட்டை பாதி பிரித்தபடி கிடந்தது. "இப்பல்லாம் போடுறதில்லப்பா, கொதிப்பு அடங்கிருச்சு. யார்மேலயும் கோவமே வர்றதில்ல" என்றார். கையில் ஒரு சொம்பு மோர். கல்லுப்பைத் தாராளமாகப் போட்டுக் கலக்கியது. உடம்பு குளிரணுமாம். கருவியின் பட்டையைக் கையில் சுற்றி அளந்து பார்த்தேன். 168/102.

அன்றிலிருந்து 'ரத்தக் கொதிப்பு' என்று நான் எழுதுவதில்லை.

நம் பேச்சில் உலை கொதிக்கும், வெயில் கொதிக்கும், அநியாயத்தைக் கண்டால் மனசு கொதிக்கும். கொதிப்பது எதுவானாலும் பக்கத்தில் போனால் தெரிந்துவிடும். குளிர்ச்சியாக எதையாவது ஊற்றினால் அடங்கும். இந்த நோயில் ரத்தம் சூடாவதே கிடையாது. ரத்தக் குழாயின் சுவரை ரத்தம் வேண்டியதைவிடப் பலமாகத் தள்ளுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அத்தை எடுத்த முடிவு கொதிப்பு என்ற சொல்லுக்குப் பொருத்தமானது, நோய்க்குத்தான் பொருந்தவில்லை. மோரில் போட்ட உப்பு அந்த அழுத்தத்தை இன்னும் ஏற்றியிருக்கும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

ஆங்கிலச் சொல்லும் நம்மை இதே பள்ளத்தில்தான் தள்ளியிருக்கிறது. 'ஹைப்பர்டென்ஷன்' என்பதில் ஹைப்பர் கிரேக்கம். மிகை என்று பொருள். டென்ஷன் லத்தீனிலிருந்து வந்தது; இழுத்துப் பிடித்த விறைப்பு. குழாய்க்குள் இருக்கும் விறைப்பைத்தான் அது குறிக்கிறது. நமக்கோ டென்ஷன் என்றால் மனப் பதற்றம். "டென்ஷன் ஆகாதீங்க, பிரஷர் ஏறிடும்" என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோம். பதற்றத்தில் அளவு சற்று ஏறி இறங்குவது உண்மை. ஆனால் சாந்தமே உருவானவருக்கும் இந்த நோய் வரும்.

'அழுத்தம்' சரியான சொல் என்பதற்கு இந்த அளவீட்டின் வரலாறே சாட்சி. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு பெண் குதிரையின் தமனியில் பித்தளைக் குழலைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் மேலே ஏறி நின்றது. 1733இல் வெளியான அவருடைய நூலில் இது இருக்கிறது. 1896இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி, கையில் பட்டை கட்டிப் பாதரசத்தால் அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் 120/80 என்றால் பாதரசம் ஏறும் மில்லிமீட்டர்தான். இதயம் சுருங்கும்போது சுருக்கழுத்தம், விரியும்போது விரிவழுத்தம். அழகான சொற்கள், இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை என்பது எனக்குக் குறைதான்.

குருதியும் தள்ளி வைக்க வேண்டிய சொல் அல்ல. குறுந்தொகையின் முதல் பாட்டிலேயே செங்காந்தள் 'குருதிப் பூ' ஆகிவிடுகிறது. ரத்தம் வடமொழி வழி வந்தது. இலங்கைப் பாடநூல்களில் 'குருதி அமுக்கம்' என்பார்கள்; புயல் செய்தியில் வரும் தாழமுக்கமும் அதே அமுக்கம்தான். மன அழுத்தத்தோடு குழம்பாது என்பதால் அமுக்கத்தின் மேல் எனக்கு ஆசை உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் அழுத்தம் வேர்பிடித்துவிட்டது. தவிர, உள்ளே இருப்பதை வெளியே காட்டாதவரை "ஆள் ரொம்ப அழுத்தம்" என்போமே, இந்த நோயின் குணத்துக்கு அதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்? எழுத்தில் 'உயர் ரத்த அழுத்தம்', தனித்தமிழில் 'உயர் குருதியழுத்தம்', பேச்சில் பிரஷர் அல்லது பிபி. மூன்றுமே சரி.

அடுத்தது கொலஸ்ட்ரால். இதைக் கொழுப்பு என்றே எழுதிவிடுகிறோம். "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்றால் திமிர். கொழுத்தவன் என்றால் தின்று பருத்தவன். அதனால் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டவே கூசுகிறார்கள். மெலிந்த உடம்புக்காரர்களோ "எனக்கு எங்கே கொழுப்பு?" என்று பரிசோதனைக்கே போவதில்லை. உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது, அதில் ஈரலுக்குப் பெரிய பங்கு. பரம்பரையும் சேர்ந்துகொண்டால் ஒல்லியானவருக்கும் ஏறும்.

சொல்லின் பிறப்பிடம் பித்தப்பைக் கல். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் அந்தக் கல்லிலிருந்துதான் இந்தப் பொருளைப் பிரித்தார்கள். அதற்கு 'கொலஸ்டரின்' என்று பெயர் சூட்டியவர் வேதியியலாளர் செவ்ரெல். கிரேக்கத்தில் கொலே பித்தம், ஸ்டெரியோஸ் திடமானது. பிறகு இது வேதியியலில் ஆல்கஹால் இனம் என்று தெரிந்ததும் 'ஆல்' என்ற வால் ஒட்டிக்கொண்டது.

சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் 'திடப்பித்தம்' என்று ஆக்கினால் பித்தம் தலைக்கேறிய கதையாகிவிடும். ஆகவே கொலஸ்ட்ராலை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பேன். கொழுப்பு என்ற பொதுப்பெயரில் நெய்யும் அடங்கும், நல்லெண்ணெயும் அடங்கும். தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லையென்றே சொல்லலாம். ஆனாலும் தேங்காயெண்ணெயிலும் பாமாயிலிலும் உள்ள நிறைவுற்ற கொழுப்பு, ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இதை யாருக்கும் விளக்க முடியாது.

அத்தை மறுபடி மருத்துவரைப் பார்த்து மாத்திரையைத் தொடங்கிவிட்டார். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, 'மேல் 134, கீழ் 84' என்று எழுதி வைக்கிறார். மோர் உண்டு, உப்பில்லாமல்.