மிஸ்ட்டில் நின்று, தானே ஸ்டார்ட் ஆகும் ஸ்கூட்டர்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னுடையது பழைய கார்புரேட்டர் ஸ்கூட்டர். மழை மாதங்களில் மிஸ்ட் இறங்கிவிட்டால் பாடாய்ப் படுத்துகிறது. மேடு ஏறும்போது பிரச்சினையில்லை, இறக்கத்தில் வரும்போதுதான் விக்கி விக்கி நின்றுவிடும். பத்து நிமிஷம் கழித்து செல்ஃப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்கிறார். வீட்டில் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார்கள். காரணம் என்னவாக இருக்கும்?"

"இறக்கத்தில்" என்று மறக்காமல் எழுதினாரே, அதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பெட்ரோல், காற்று, தீப்பொறி மூன்றும் சரியாகச் சேர்ந்தால் இன்ஜின் ஓடும். மலையில் காற்று மெல்லியது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்குக்குமேல் குறைந்துவிடும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டரோ, பெட்ரோலை அதே அளவுக்குக் குறைப்பதில்லை. அதனால் கலவையில் பெட்ரோல் கூடிப்போகிறது, தீப்பொறி தரும் பிளக் கரி பிடிக்கிறது, பிக்கப் குறைகிறது. ஆனால் இது எல்லா நாளும் இருக்கும் தொல்லை. பத்து நிமிடம் நின்றால் தீராது.

காத்திருந்தால் தானே சரியாகிற கோளாறுகளில் இரண்டு எல்லா ஊருக்கும் பொது. முதலாவது, பெட்ரோல் டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்துக்கொள்வது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் இறங்குவதே நின்றுவிடும். வண்டி நின்ற உடனே மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டால் குற்றவாளி அதுதான். இரண்டாவது, பிளக் கேப்பிலோ ஒயரிலோ விரிசல். பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் ஈரத்தின் வழியே இன்ஜின் உடம்புக்கு ஓடிவிடும், பிளக்கில் பொறி வராது. இன்ஜின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் வண்டி ஓடும். இருட்டில் கேப்பின்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு, தள்ளி நின்று செல்ஃப் போடச் சொல்லிப் பார்த்தால் நீலப் பொறி கசிவது கண்ணுக்கே தெரியும்.

இந்த இரண்டும் மேடு, இறக்கம் பார்ப்பதில்லை. மிஸ்ட்டும் இறக்கமும் சேர்ந்தால் மட்டுமே வண்டி நிற்கிறது என்றால் என் சந்தேகம் வேறிடத்தில் விழுகிறது. கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி உருவாகிறது! வெளியே பத்து டிகிரி இருக்கும்போதேதான்.

மெக்கானிக் ஷெட்டில் பெட்ரோலில் கை கழுவியவர்களுக்குத் தெரியும், விரல் சில்லிட்டுவிடும். திரவம் ஆவியாகச் சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை உறிஞ்சியாக வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் ஆவியாக ஏறத்தாழ 350 ஜூல் வேண்டும். அது எரிவதற்காக உடன் வரும் காற்று சுமார் 15 கிராம். ஒரு கிராம் காற்றிலிருந்து ஒரு ஜூல் எடுத்தாலே அது ஒரு டிகிரி குளிர்ந்துவிடும். 350ஐ 15ஆல் வகுங்கள்: 23 டிகிரி! எல்லாப் பெட்ரோலும் கார்புரேட்டரிலேயே ஆவியாகிவிடாது, சுற்றியுள்ள உலோகமும் கொஞ்சம் சூடு தரும். பாதிதான் நடக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், பத்து டிகிரியில் நுழைந்த காற்று பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது.

இனி ஈரத்தைக் கவனியுங்கள். பத்து டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு கனமீட்டர் காற்றில் ஒன்பது கிராமுக்குச் சற்று அதிகமாக நீராவி இருக்கும். பூஜ்யம் டிகிரியில் அதனால் ஐந்து கிராமைக்கூடத் தாங்க முடியாது. மீதி வெளியேறியே தீர வேண்டும். நிமிடத்துக்கு நூறு லிட்டர் காற்றை இழுக்கும் இன்ஜினில், இந்தக் கணக்குப்படி, நிமிடத்துக்கு அரை கிராமை நெருங்கும் தண்ணீர். அதில் ஒரு பகுதி குளிர்ந்த உலோகத்தில் ஒட்டி உறைந்தாலே போதும்.

எங்கே உறைகிறது என்பதில்தான் இறக்கத்தின் ரகசியம். ஆக்சிலேட்டரைத் திருகும்போது கார்புரேட்டருக்குள் ஒரு வட்டத் தகடு சாய்ந்து காற்றுக்கு வழிவிடும். இறக்கத்தில் நாம் ஆக்சிலேட்டரை விட்டுவிடுகிறோம், தகடு கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. மிஞ்சுவது அதன் விளிம்பில் ஒரு மெல்லிய இடுக்கு. காற்று அதில் பீறிட்டுப் பாய்கிறது. தகட்டுக்கு அப்பால் அழுத்தம் சரிவதால் பெட்ரோல் இன்னும் சுலபமாக ஆவியாகிறது. இன்ஜினோ வேலையில்லாமல் ஆறிக்கொண்டிருக்கிறது. ஆக, குளிர்ச்சி அதிகம், சூடு குறைவு, வழியும் குறுகல். விளிம்பில் படியும் மெல்லிய பனி அந்த இடுக்கை அடைக்கிறது, முதலில் ஐட்லிங் போகிறது, பிறகு வண்டி நின்றுவிடுகிறது. நின்றதும் சிலிண்டரின் சூடு மெல்ல ஏறிவந்து பனியை உருக்கிவிடும். மெக்கானிக் பிரிக்கும்போது தடயமே இருக்காது. சிறிய விமானங்களை ஓட்டுபவர்கள் இதற்கு நிரம்பப் பயப்படுவார்கள். அவற்றில் கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பிவிட ஒரு தனி லீவரே உண்டு, கீழே இறங்கும்போது அதை இழுத்துவிடுவார்கள்.

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலைகளைவிட மழைக்கால மிஸ்ட்தான் இதற்கு மோசம். உறைபனி நாளில் வானம் தெளிவாக, காற்று பெரும்பாலும் வறண்டிருக்கும். அன்றைய தொல்லை வேறு: பெட்ரோல் சரியாக ஆவியாகாது, பேட்டரி சோர்ந்துவிடும்.

எலுமிச்சம்பழத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாமி கும்பிடுவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் கற்பூரம் ஏற்றிய பத்து நிமிடத்தில் வண்டி ஓடிவிட்டால், அதற்குப்பிறகு யாரும் காரணம் தேட மாட்டார்கள். அப்படி விட்டுவிடுவது ஆபத்து. பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து இல்லாமல், இன்ஜினோடு சுழலும் மேக்னெட்டிலிருந்து நேராக வருகிறது. இன்ஜின் நின்றால் விளக்கும் போய்விடும். கொண்டை ஊசி வளைவில், மிஸ்ட்டில், பின்னால் பஸ் வரும்போது இது உயிர்ப் பிரச்சினை. மலையில் ஓடும் வண்டிகளின் கார்புரேட்டரில் ஒரு வெப்பமானியைப் பொருத்தி மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை அளந்து பார்ப்பது பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அருமையான புராஜெக்ட். பெரிய செலவும் கிடையாது. புனேயிலும் ஒரகடத்திலும் பெரிய வாகனச் சோதனை மையங்கள் இருக்கின்றன. அதுபோல மலையோரக் கல்லூரிகளுக்கும் அரசு கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

கோத்தகிரி வாசகருக்கு: அடுத்த முறை நின்றால் வண்டியை ஓரங்கட்டி முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், பிறகு பிளக் கேப்பைத் துடையுங்கள். சில மாடல்களில் சீட்டுக்கு அடியிலுள்ள சின்ன மூடியைக் கழற்றினால் கார்புரேட்டர் கைக்கு எட்டும். அது ஜில்லென்று, வியர்த்துக் கிடந்தால் என் சந்தேகம் சரியாக இருக்கலாம். சோக் இழுக்காதீர்கள், கலவையில் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம். செல்ஃபை விடாமல் அமுக்கினால் பிளக் நனையும், பேட்டரியும் இறங்கும். பத்து நிமிடம் பொறுங்கள், கிளம்பியதும் ஐட்லிங்கிலேயே விட்டுவைக்காதீர்கள்.

வண்டியை மாற்றும் எண்ணம் இருந்தால் ஒரு தகவல். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப்பின், புதிய ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்தான். அதில் பெட்ரோல் அந்தத் தகட்டைத் தாண்டி, சூடான வால்வுக்குப் பக்கத்தில் பீய்ச்சப்படுகிறது. தகட்டிலிருந்து வெப்பத்தைத் திருட அங்கே பெட்ரோலே இல்லை. ஆனால் அதன் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. பேட்டரி முழுக்கச் செத்துவிட்டால் கிக்கரை எத்தனை உதைத்தாலும் கிளம்பாமல் போகலாம். குளிர்காலம் வருமுன் பேட்டரியை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.