படத்தைத் திட்டலாம், ஸ்டேட்டஸில் படத்தையே வைக்கக் கூடாது

பெரிய ஹீரோ படம் வெளியான மறுவாரம் என் அலுவலகத்துக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒரு வகையினர், யூடியூபிலோ ஃபேஸ்புக்கிலோ ‘படம் மொக்கை, காசு தண்டம்’ என்று போட்டுவிட்டு, கம்பெனியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்துவிடுமோ என்று கலங்கிப்போய் வருபவர்கள். இன்னொரு வகையினர் படத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசாதவர்கள். திரையில் ஓடிய 15 நொடியைப் போனில் பிடித்து, ‘தலைவன் என்ட்ரி’ என்று எழுதி ஸ்டேட்டஸில் வைத்தவர்கள். சைபர் கிரைமிலிருந்து போன் வந்தபிறகுதான் இவர்களுக்கு வக்கீல் ஞாபகம் வரும்.

முதல் வகையினரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம். வக்காலத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருப்பது இரண்டாம் வகையினரிடம்தான்.

திட்டுகிறவருக்கு ஏன் பயம் வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்குக் கொடுத்த யு சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989இல் உச்ச நீதிமன்றம் அந்தப் படத்தைக் காப்பாற்றியது பேச்சுரிமை தரும் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவை வைத்துத்தான். படம் எடுத்தவருக்கு அரணாக நின்ற அதே பிரிவுதான் டிக்கெட் எடுத்துப் பார்த்தவருக்கும். 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடாதீர்கள் என்று திரையரங்கு உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பிறகு, முதல் மூன்று நாளுக்கு இணைய விமர்சனமே கூடாது என்று உயர் நீதிமன்றத்துக்கும் போனது. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. வளாகத்துக்குள் மைக் நீட்டக் கூடாது என்று தியேட்டர்காரர் சொன்னால் அது அவர் இடம், சொல்லலாம். ரோட்டுக்கு வந்து பேசுவதை அவர் தடுக்க முடியாது.

அடுத்து அவதூறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று இருந்தவை 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு ஆகிவிட்டன. தண்டனை இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவை என்பது புதிதாகச் சேர்ந்தது. ஆனால் அந்தப் பிரிவிலேயே பத்து விதிவிலக்குகள் இருக்கின்றன. ஆறாவது விதிவிலக்கு சினிமா ரசிகனுக்கென்றே எழுதியது போலிருக்கும். பொதுமக்களின் தீர்ப்புக்கு என்று ஒருவர் முன்வைத்த படைப்பைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது. இதை எழுதியது 1860இல், சினிமாவே பிறக்காத காலத்தில்.

அங்கே சட்டம் தரும் உதாரணங்கள் இரண்டை என் ஜூனியர்களிடம் அடிக்கடி படிக்கச் சொல்வேன். ஒருவர் புத்தகம் போட்டிருக்கிறார். ‘இந்தப் புத்தகம் முட்டாள்தனமானது, எழுதியவர் புத்தி பலவீனமானவராகத்தான் இருக்க வேண்டும்’ என்று நீங்கள் சொன்னால் குற்றமில்லை. புத்தகத்தை வைத்து ஆளை எடைபோடுகிறீர்கள், அது எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சட்டம் விட்டுவிடுகிறது. ‘புத்தகம் இப்படி இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் அந்த ஆள் ஒழுக்கம் கெட்டவன்’ என்றால் மாட்டிக்கொண்டீர்கள். இங்கே புத்தகத்துக்கு வெளியே இருக்கும் ஒன்றைக் கொண்டுவந்து ஆளின் மேல் போடுகிறீர்கள்.

நம் ரசிகர்கள் பேசும் பேச்சை இதில் வைத்துப் பாருங்கள். ‘டைரக்டர் இரண்டாம் பாதியைத் தூக்கத்தில் எடுத்திருப்பார் போல’ என்பதற்கு ஒன்றும் ஆகாது. ‘ஹீரோவுக்கு நடிக்கவே வரவில்லை’ என்பதும் அப்படித்தான். ‘தயாரிப்பாளர் பணத்தைச் சுருட்டத்தான் இந்தப் படத்தையே எடுத்தான்’ என்பது விமர்சனம் இல்லை, குற்றச்சாட்டு. கையில் ஆதாரம் வேண்டும். நடிகையின் உடம்பைப் பற்றி எழுதுவதும், இயக்குநரின் சாதியை இழுப்பதும் வேறு வழக்குகள். முதலாவதற்கு, பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்துவதற்கான அதே சன்ஹிதாவின் 79ஆம் பிரிவு வரலாம். இரண்டாவதற்கு, பேச்சைப் பொறுத்து, பிரிவினரிடையே பகையைத் தூண்டுவதற்கான 196ஆம் பிரிவோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ வரலாம், அதில் முன்ஜாமீன் வாங்குவதே பெரும்பாடு. ‘படத்தைப் பற்றித்தானே சார் சொன்னேன்’ என்பார்கள். பதிவை எடுத்துப் படித்தால் அதில் படத்தைத் தவிர எல்லாம் இருக்கும்.

க்ளைமாக்ஸை வெளியே சொன்னவன் மேல் கேஸ் போடலாமா என்று ஒரு உதவி இயக்குநர் கோபமாகக் கேட்டார். சொந்த வார்த்தையில் சொன்னால் முடியாது. ஒரு கருவுக்கோ கதையின் போக்குக்கோ பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்கே உண்டு என்பது 1978ஆம் ஆண்டின் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கிலேயே முடிந்துபோன விஷயம். (கொலைகாரன் யார் என்று இன்டர்வலிலேயே சொல்லிவிடும் நண்பனுக்குத் தண்டனை தர எனக்கும் ஆசைதான்.)

இனி அந்த 15 நொடிக்கு வருகிறேன்.

ஒரு கல்லூரி மாணவனின் அப்பா என் முன்னால் உட்கார்ந்திருந்தார். “ஸ்டேட்டஸ்லதான் சார் வச்சான். இருபத்திநாலு மணி நேரத்துல அதுவா போயிரும்ல? யாவாரம் எதுவும் பண்ணல சார்.” மகன் தலையைக் குனிந்தபடி நின்றான். ஸ்டேட்டஸ் போய்விட்டது, உண்மைதான். அதற்குள் பார்த்தவர்களில் யாரோ ஸ்கிரீன் ரெக்கார்டு எடுத்து இன்ஸ்டாகிராமில் ஏற்றியிருந்தார்கள். மூலையில் அவன் பெயர் அப்படியே தெரிந்தது.

2023இல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி 6ஏஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். திரையிட உரிமம் பெற்ற இடத்தில், படத்தின் திருட்டுப் பிரதியை எடுக்கவோ அனுப்பவோ வேண்டும் என்ற நோக்கத்தில் பதிவுக் கருவியைப் பயன்படுத்துவதும், அதற்கு முயல்வதும் குற்றம். முழுப் படம் வேண்டியதில்லை, ஒரு பகுதியே போதும். கேமரா என்று பெயர் உள்ள கருவியாகவும் இருக்க வேண்டியதில்லை. அதன் முக்கிய வேலை பதிவு செய்வதாக இல்லாவிட்டாலும் சட்டத்தின் விளக்கத்துக்குள் வந்துவிடும். அதாவது உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போன். தண்டனை குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய்; ஆடிட்டர் கணக்குத் தணிக்கை செய்த மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். 100 கோடி படத்தில் 5 சதவீதம் எவ்வளவு என்று அந்த அப்பா விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார். நான்தான் நிறுத்தினேன்.

‘வீடியோ எடுக்கல சார், டைட்டில் கார்டை ஒரு போட்டோதான்’ என்பவர்களுக்கு: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவில், படத்தின் ஒரு காட்சியைப் புகைப்படமாக எடுப்பதும் பிரதி எடுப்பதில் சேர்கிறது. ஒரு போட்டோவுக்காக யாரும் உங்களைத் தேடி வர மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது உரிமை என்று எண்ணிக்கொண்டு எடுக்காதீர்கள். அதே சட்டத்தின் 63ஆம் பிரிவுக் குற்றத்தில் ஜாமீன் பெறுவது உரிமையில்லை என்று 2022இல் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

விமர்சனத்துக்கு விலக்கு இருக்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் நியாயமான அளவில் எடுத்தாள இடமுண்டு. 2023 திருத்தமும் அந்த விலக்கை ஏற்கிறது. ஆனால் இது கேஸ் வந்தபிறகு கோர்ட்டில் நின்று எடுத்துவைக்க வேண்டிய வாதம். அதை எடுத்துவைக்க முதலில் விமர்சனம் என்று ஒன்று இருக்க வேண்டும். என்னிடம் வந்த பையனின் ஸ்டேட்டஸில் இருந்தது நாலு நெருப்பு எமோஜி. ‘கதைச் சுருக்கம்’ என்று முழுப் படத்தையும் ஓடவிட்டு மேலே குரல் கொடுக்கும் சேனல்களுக்கும் இந்த விலக்கு நிற்காது என்பது என் கருத்து. விமர்சனத்தில் படம் காட்டத்தான் வேண்டும் என்றால், கம்பெனியே வெளியிட்ட டிரெய்லரிலும் போஸ்டரிலும் இருந்து தேவையான அளவு எடுங்கள். அதற்கும் யூடியூபில் காப்பிரைட் புகார் வரலாம், 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போகும். ஆனாலும் அது யூடியூபோடு முடிகிற தகராறு.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் இருக்கும் சந்தேகம். டிஜிட்டல் புரொஜக்டரில் ஓடும் படத்திலும் ஒலியிலும், நம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத அடையாளம் ஒன்று கலந்தே வரும். திருட்டுப் பிரதியை ஆராய்ந்தால் எந்தத் தியேட்டர், எந்தத் தேதி, எந்தக் காட்சி என்பது தெரிந்துவிடும். அதன்பிறகு சிசிடிவியும் ஆன்லைன் புக்கிங்கும் இருக்கவே இருக்கின்றன. தொழிலாகச் செய்கிறவர்கள் கதை தனி. 2024இல் திருவனந்தபுரத்தில் ‘ராயன்’ படத்தை இருக்கையில் போனைப் பொருத்திப் பதிவு செய்த ஆள் கையும் களவுமாகப் பிடிபட்டார். தமிழ்நாட்டில் இப்படிப்பட்டவர்களைக் குண்டர் சட்டத்திலேயே உள்ளே வைக்கலாம், 2004இல் வீடியோ திருடர்களை அதில் சேர்த்துவிட்டார்கள்.

தெரு ரசிகர் மன்றமெல்லாம் இப்போது வாட்ஸ்அப் குரூப்பாகிவிட்டதால் அட்மின்களும் கேட்கிறார்கள். உறுப்பினர் போட்டதற்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அவர் பொறுப்பாக மாட்டார் என்று 2021 டிசம்பரில் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. ‘சூப்பர், இன்னும் அனுப்பு’ என்று அட்மினே போட்டிருந்தால் அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவாது.

காசு வாங்கிக்கொண்டு ‘செம படம்’ என்று சொல்பவர்களுக்கு இரண்டு வரி. பணமோ இலவசப் பயணமோ பரிசோ வாங்கியிருந்தால் அதைப் பார்ப்பவருக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு முகம் கொடுப்பவருக்கு 10 லட்சம் வரை அபராதம் உண்டு, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

நோட்டீஸ் வந்துவிட்டால் என்ன செய்வது? எது வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். அவதூறில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர் போட முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்ட்ரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். எனவே ‘படத்தைத் திட்டினதுக்கு ஸ்டேஷனுக்கு வா’ என்று யாராவது போனில் கூப்பிட்டால், எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். கோடி ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தால், கோபத்தில் அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டுக் கிண்டல் செய்யாதீர்கள். நீங்கள் பேசியதன் முழு வீடியோவையும் தேதியோடு சேமித்து வைத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.

தியேட்டரில் எடுத்த வீடியோவுக்காகப் போலீஸ் அழைப்பு வந்தால், அது பெரும்பாலும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)ஆம் பிரிவு நோட்டீஸாக, அதாவது விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸாக இருக்கும். சொன்ன தேதியில் ஆஜராகுங்கள். ஆஜராகி ஒத்துழைக்கிறவரை, காரணத்தை எழுத்தில் பதியாமல் கைது செய்ய முடியாது. ஓடி ஒளிந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பயத்தில் போனை ரீசெட் செய்யாதீர்கள், அது சாட்சியத்தை அழித்த குற்றமாகவும் பார்க்கப்படலாம். போனைக் கைப்பற்றினால் மாடல், ஐ.எம்.இ.ஐ எண் எழுதிய மகஜரின் (கைப்பற்றியதைப் பதிவு செய்யும் தாள்) நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். போனைத் திரும்பப் பெற மனுப் போடும்போது அந்தத் தாளைத்தான் நான் முதலில் கேட்பேன்.